லில்லி புஷ்பத்தின் பெயரில்

டோக்கன் இருபத்து நான்கு, எலும்பு டாக்டருக்கு. ஜெபக்கனிக்கு எலும்பில் ஒரு கோளாறும் கிடையாது, அது அவளுக்கே தெரியும். ஆனாலும் அந்த மஞ்சள் சீட்டை உள்ளங்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, கைப்பையை மார்போடு அணைத்தபடி, பாளையங்கோட்டையின் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக் கூடத்தில் மூன்றாவது வரிசை நாற்காலியில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருபத்து மூன்று, லில்லி புஷ்பம் அக்கா. சபையில் பாடகர் குழுவில் பதினோரு வருஷமாக இவளுக்கு இடது பக்கம் நிற்பவள். மெலிந்த உடம்பு, அறுபத்திரண்டு வயது, வலது முட்டில் நீலக் கட்டு. வாசலிலேயே பார்த்துவிட்டாள். வியாழக்கிழமைதானே இந்த அக்கா முட்டுக்குக் கரண்ட் வைக்க வருவாள், சனிக்கிழமை எங்கே வந்தாள் என்று ஜெபக்கனி யோசித்து முடிப்பதற்குள், "என்னட்டி ஜெபம், நீ எங்க இங்ஙன?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை ஒரு அடக்க ஆராதனைக்குப் போய்விட்டாளாம். செத்தவர்கள் நாள் பார்த்தா சாகிறார்கள். "தோள்பட்டை வலி அக்கா" என்றது ஜெபக்கனியின் வாய். மூளையைக் கேட்காமலே வாய் சொன்ன பதில். "அப்ப நம்ம டாக்டர்தான், வா" என்று அக்கா இழுத்துக்கொண்டு போய் இரண்டு சீட்டு வாங்கி, இரண்டு நாற்காலி பிடித்து, உட்கார்த்தியும் வைத்துவிட்டாள். தோள்பட்டை வலி பொய்யும் இல்லை. இரண்டு தோளிலும் உள்ளாடைப் பட்டை அழுத்தி அழுத்தி ஒரு விரல் படுக்கிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. ஆனால் பள்ளத்துக்கு வைத்தியம் பார்க்க அவள் வரவில்லை. பள்ளம் விழக் காரணமாயிருக்கிற பாரத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்க வந்திருக்கிறாள். அதற்கான டாக்டர் மூன்றாவது மாடியில் இருக்கிறார். மாதத்தின் முதல் சனியும் மூன்றாம் சனியும் மதுரையிலிருந்து வருகிறவர், பத்து மணி முதல் ஒரு மணி வரை.

சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால். பதினொன்றரைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் தேடுவார்கள். இந்த ஆஸ்பத்திரியில் எந்த மாடி டாக்டருக்கும் காத்திருப்பது இந்தக் கீழ்க்கூடத்தில்தான். நீலச்சேலை அம்மா ஒருத்தி கையில் தாளோடு படியிறங்கி வந்து, கூடத்துக்கே கேட்கும்படி பெயரைக் கூப்பிடுவாள். கூப்பிடட்டும், ஜெபக்கனி என்று கூப்பிட்டாலாவது பரவாயில்லை, தோளுக்குத்தான் போலிருக்கிறது என்று எழுந்து போய்விடலாம். ஆனால் அந்தத் தாளில் ஜெபக்கனி இல்லை. புதன்கிழமை பள்ளிக்கூட வராந்தாவில் நின்று போன் போட்டபோது, அந்தப் பக்கத்துப் பெண் எல்லாம் கேட்டாள், வயசு, ஊர், என்ன விஷயமாக என்று. விஷயத்தை வாயைப் பொத்திக்கொண்டு முணுமுணுத்தாகிவிட்டது. கடைசியாக, "பேரு சொல்லுங்கம்மா" என்றாள். தலைமையாசிரியை அந்த நேரம் பார்த்து வராந்தாவில் வந்துகொண்டிருந்தார். சொந்தப் பெயரையும் அந்த விஷயத்தையும் ஒரே மூச்சில் சொல்ல நாக்கு வளையவில்லை. அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால்தான் பாட்டுப் பயிற்சி ஆறு மணிக்கு என்று சொல்ல அக்கா போன் பண்ணியிருந்தாள். மனசில் மேலாக மிதந்த பெயர் அதுதான். "லில்லி புஷ்பம்" என்றாள். எழுதிக்கொண்டார்கள். பெயர்தானே, யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள் என்று அன்று தோன்றியது. இன்று அந்தப் பெயருக்கு உரியவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"ரெண்டு தின்னு. காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட" என்றாள் அக்கா. ஜெபக்கனி ஒன்று எடுத்துக்கொண்டாள். கடித்தால் சத்தம் வரும் என்று வாயிலேயே ஊற வைத்தாள். சத்தம் வந்தால் என்ன, ஆள் திரும்பிப் பார்க்கும். பார்த்தால் முகத்தையா பார்க்கும். பதின்மூன்று வயதிலிருந்து இதே கணக்குத்தான் மனசுக்குள் ஓடுகிறது, யார் எங்கே பார்க்கிறார்கள், எத்தனை நேரம் பார்க்கிறார்கள். ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் போன உடம்பு வேறு, ஜூனில் பள்ளிக்கூடம் திரும்பி வந்த உடம்பு வேறு. அம்மா வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. தாவணியை இரண்டு ஊக்கு போட்டுக் குத்திவிட்டு, "குனிஞ்சாப்ல நட" என்று மட்டும் சொன்னாள். குனிந்தவள்தான், இந்த நாற்பத்தொன்றாவது வயதிலும் முதுகு நிமிரவில்லை. முதுகெலும்பு டாக்டரைப் பார்க்கலாம்தானே, அப்படிப் பார்த்தால் டோக்கன் சரிதான். வகுப்பில் புவியியல் எடுக்கும்போது பிள்ளைகளுக்கு முகம் காட்டி நிற்பாள், இல்லை முதுகு காட்டி நின்று போர்டில் எழுதுவாள். பக்கவாட்டில் மட்டும் நிற்கவே மாட்டாள். வரைபடத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைக் காட்ட வேண்டுமென்றால் முழுசாகத் திரும்பித்தான் காட்டுவாள். ஆண்டு விழாவில் டீச்சர்மாருக்கு வைக்கிற எலுமிச்சம்பழ ஓட்டத்துக்கு வருஷா வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். சரியாக அதே வாரத்தில் வருகிற காய்ச்சல். யாரும் இதுவரை கேட்டதில்லை. கேட்காததுதான் இன்னும் கூசுகிறது, தெரிந்துதான் கேட்கவில்லை என்று.

பாடகர் குழுவில் சேர்ந்ததற்குக்கூட இதுதான் காரணம். நினைத்தாலே காதடி சுடுகிறது. போதகர் ஐயா ஒருமுறை பிரசங்கத்திலேயே சொன்னார், ஜெபக்கனி டீச்சர் மாதிரி ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் ஊழியத்துக்கு வருகிறவர்கள் வேண்டும் என்று. தலையைக் குனிந்துகொண்டாள். தாழ்மை என்று நினைத்திருப்பார்கள். அவளை இழுத்தது பாட்டு இல்லை, அங்கி. வெள்ளை அங்கி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை தொளதொளவென்று, சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டால் இருபத்திரண்டு பேரும் ஒரே மாதிரி. அந்த ஒன்றரை மணி நேரம்தான் வாரத்தில் அவள் நிமிர்ந்து நிற்கிற நேரம். மே மாசத்தில் உள்ளே வேர்த்து ஊற்றும், மார்பு மடிப்புக்கடியில் வைத்த பருத்திக் கைக்குட்டை நனைந்து அந்த இடம் எரியும். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து பவுடர் போட்டு, புண்ணைத் தொட்டுப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொள்வாள். ஆனாலும் அடுத்த ஞாயிறு முதல் ஆளாய்ப் போய் அங்கியை மாட்டிக்கொள்வாள். கர்த்தருக்குத் தெரியாமலா இருக்கும். அவருக்கென்று சொல்லிக்கொண்டு ஒரு துணிக்காக வருகிறவளை அவர் என்னவென்று எழுதி வைத்திருப்பாரோ.

அந்த அங்கிகளைத் தைத்தது லில்லி புஷ்பம் அக்காதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சபையின் பக்க அறையில் பெண்களை வரிசையாக நிற்க வைத்து அளவெடுத்தாள். அக்கா டேப்பைச் சுற்றி அளவைச் சத்தமாகச் சொல்வாள், மூலையில் ஒரு பெண் நோட்டில் எழுதிக்கொள்வாள். முப்பத்தி நாலு, முப்பத்தி எட்டு, முப்பத்தி ஆறு, அடுத்த ஆள். வரிசை நகர நகர ஜெபக்கனி முன்னால் நிற்கிறவர்களை எண்ணினாள். ஏழு பேர், ஆறு பேர், மூன்று பேர். கழிப்பறைக்குப் போகிறேன் என்று ஓடிவிடலாமா என்று பார்த்தாள். அவள் முறை வந்தது. டேப் சுற்றியது, குளிர்ந்த உலோக நுனி பட்டது. அக்கா அளவைச் சொல்லவில்லை. மூலையில் இருந்தவளிடம், "நோட்ட இங்ஙன கொண்டா, உனக்கு எழுத்தே சரியில்ல" என்று வாங்கித் தானே எழுதினாள். அடுத்த ஆளுக்கு நோட்டு மறுபடி மூலைக்குப் போய்விட்டது. மறுபடி சத்தமாக நாற்பது என்றாள். அன்றைக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் தெரிந்தது என்று ஆகிவிடும் என்று சொல்லவில்லை. அந்த அக்காவின் பெயரைத்தான் இப்போது திருடி வைத்திருக்கிறாள். உலகத்தில் எத்தனை பெயர் கிடக்கிறது, செத்தவர்கள் பெயர், கண்ட பெயர், ஒன்றும் வாயில் வரவில்லையா உனக்கு.

பதினொன்று ஐந்து. எழுந்து போய்விடலாம். அக்கா, பாத்ரூம் போய் வாறேன் என்று சொல்லிவிட்டு நேராக மூன்றாவது மாடி. அங்கே போய், பேரைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன் என்று மெதுவாகச் சொன்னால் தீர்ந்தது. கால் எழவில்லை. மேலே போனால் அந்தக் கவுண்டரிலும் ஆள் இருப்பார்கள், ஆண் இருப்பான். டாக்டர் ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை, பலகையில் வெறும் இனிஷியல்தான் போட்டிருக்கிறது. போட்டோ எடுப்பார்களாம். செல்போனில் படித்ததிலேயே அவளை உறைய வைத்தது அதுதான், கத்தி இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. முப்பது வருஷமாக யாருக்கும் காட்டாத பக்கவாட்டு. மற்றதெல்லாம் ஓய்வுப் பீரியடில் ஸ்டாஃப் ரூம் மூலையில் உட்கார்ந்து படித்துப் படித்து மனப்பாடம் ஆகிவிட்டது. மார்புக் காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அதிலிருந்து கீழே நேராக ஒரு கோடு, அடியில் ஒரு பிறை, இத்தனையும் தழும்பாக நிற்கும், மங்கும், ஆனால் அழியாது. தொடு உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பாமலே போகலாம். பிள்ளை பெற நினைக்கிறவர்கள் யோசிக்க வேண்டும், பால் கொடுக்க முடியாமல் போகலாம். அவளுக்கு அது இல்லை, மகன் பிளஸ் டூ படிக்கிறான். நாற்பது தாண்டியவர்கள் முதலில் மார்பகத்தைப் படமெடுத்துக் கட்டி ஏதும் இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எடை நிலையாக இருக்க வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரையை டாக்டரைக் கேட்டு நிறுத்த வேண்டும். சில வாரம் குடம் தூக்கக் கூடாது, கையை உயர்த்தக் கூடாது. அப்படியானால் போர்டில் எழுத முடியாது, லீவு போட வேண்டும், லீவு லெட்டரில் காரணம் எழுத வேண்டும். அங்கேயே எல்லாம் நின்றுவிடும். காரணம் என்ன என்று எழுதுவாள். தோள்பட்டை.

கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கைப்பைக்குள் வைத்திருக்கிறாள், பயிற்சிக்குக் கொடுத்த பாட்டுத்தாளின் பின்பக்கத்தில், யார் எடுத்தாலும் பாட்டு என்று நினைக்கட்டும் என்று. பதினொரு கேள்வி. எத்தனை மணி நேர ஆபரேஷன், முழு மயக்கமா, எத்தனை நாள் படுக்கை, வலி எவ்வளவு, தோள் வலியும் கழுத்து வலியும் நிச்சயமாகப் போகுமா. எல்லாம் வலியைப் பற்றித்தான். வலி என்றால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, வலிக்கு ஆபரேஷன் பண்ணிக்கொள்வது பாவம் இல்லை. பன்னிரண்டாவது ஒன்று இருக்கிறது, அதை எழுதவில்லை. எழுதப் போய்ப் பேனாவை மூடிவிட்டாள். பார்க்க நன்றாக இருக்குமா என்பதுதான் அது. நாற்பத்தொரு வயதில், தோளுக்கு மேல் வளர்ந்த மகனை வைத்துக்கொண்டு, கடையில் தொங்குகிற சாதாரண ஜாக்கெட்டை வாங்கி அப்படியே போட்டுக்கொள்ள வேண்டும், கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும் என்று ஒரு ஆசை. அந்த ஆசைக்கு முன்னால் வலியைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். இதில் வலி எத்தனை பங்கு, ஆசை எத்தனை பங்கு என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. ஒருநாள் ஞானதுரையிடம் பேச்சை ஆரம்பித்தாள். அவள் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர், நல்ல மனுஷன், கை நீட்டியது கிடையாது. "ரொம்ப பாரமா இருக்கு" என்றாள். பேப்பரிலிருந்து முகம் எடுக்காமல், "அதுக்கென்ன, நல்லாத்தான இருக்கு" என்றார். பிரியமாகத்தான் சொன்னார். அந்த ஒரு வார்த்தை எட்டு வருஷத்துக்கு அவள் வாயை அடைத்தது. அவருக்கு நன்றாக இருப்பதை அறுத்துப் போட நான் யார் என்று ஒரு நாள், சுமக்கிறவள் நான்தானே என்று மறுநாள். இன்று காலையில் பைக்கில் கொண்டு வந்து இறக்கிவிட்டு, "தோளு எலும்பு தேஞ்சிருக்கும், கால்சியம் கேளு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். கேட்கிறேன் என்று தலையாட்டினாள். யாரிடமும் ஒரு நிஜம் கிடையாது.

"நீ சரியாவே இல்ல பாரு, முகமெல்லாம் வேர்க்கி" என்றாள் அக்கா. "தோளு வலின்னு சொல்லுத, பைய இப்படி இறுக்கிப் புடிச்சா வலிக்காதா. அதத் தா, மடியில வச்சுக்கிடுதேன்." ஜெபக்கனி தரவில்லை. "இருக்கட்டும்க்கா" என்றாள். இந்தப் பை இல்லாமல் அவள் கூட்டத்தில் உட்கார்ந்ததே இல்லை. எதிர் வரிசையில் இரண்டு கல்லூரிப் பெண்கள், ஒரு போன், ஒரே சிரிப்பு. அவர்களுக்குப் பக்கத்தில் கையில் மாவுக்கட்டு போட்ட ஒரு ஆள். டோக்கன் பதினான்கு என்று எலும்பு டாக்டர் அறை வாசலில் கூப்பிட்டார்கள். கடிகாரம் பதினொன்று நாற்பது. மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, ஆள் வரவில்லை என்று அடித்துவிட்டிருப்பார்கள், தப்பித்தோம். நிம்மதி வந்த அதே இடத்தில் ஒரு அழுகையும் வந்தது. அடுத்த முறை இந்த தைரியம் வராது, வரவே வராது, இப்படியே குனிந்து குனிந்து ரிட்டயர் ஆகிவிடுவாள். அப்போதுதான் படியில் நீலச்சேலை தெரிந்தது.

"லில்லி புஷ்பம். லில்லி புஷ்பம் யாரும்மா?"

அக்கா முறுக்குப் பொட்டலத்தைச் சுருட்டினாள். முகத்தில் ஒரே சந்தோஷம். "பதினாலுதான ஓடுது, அதுக்குள்ள என்னக் கூப்பிடுதாவ பாத்தியா" என்று ஜெபக்கனியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சரியாக அந்தப் பள்ளத்தில் விழுந்தது கை. "இந்தா வாறேன்ம்மா."

"மூணாவது மாடிம்மா. மதுரை டாக்டரு."

"நான் முட்டுக்குல்லா வந்திருக்கேன்."

நீலச்சேலை தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவளுக்கு, காலையிலிருந்து நூறு பெயர் படித்தவள், இதையும் படித்தாள். "முட்டு இல்லம்மா. மார்பக் குறைக்கிற ஆபரேஷன் பத்தி டாக்டர்ட்ட கேக்கணும்னு போன்ல சொல்லியிருக்கியள. லில்லி புஷ்பம்னுதான் போட்டிருக்கு."

அந்தக் கல்லூரிப் பெண்களில் ஒருத்தி துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். மாவுக்கட்டுக்காரர் அக்காவை மேலிருந்து கீழே பார்த்தார், பார்த்து, நடுவில் நின்றார். "நான் அப்படி ஒண்ணும் கேக்கலியேம்மா" என்றாள் அக்கா. பதினோரு வருஷம் பக்கத்தில் நின்று கேட்ட குரல், அத்தனை சன்னமாக அது ஒருநாளும் இருந்ததில்லை. ஜெபக்கனி உட்கார்ந்தே இருந்தாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்தில் அவள் மனசு ஓடிய ஓட்டம் இதுதான். யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று போய்விடும், அக்கா அறுபது தாண்டியவள், மெலிந்தவள், யாரும் நம்பமாட்டார்கள், இரண்டு நிமிஷத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள், நீ எழுந்தால்தான் மறக்கமாட்டார்கள். இரண்டு மூச்சு விடுகிற நேரம் இருக்கும். அப்போது அக்காவின் வலது கை மேலே போனது. முந்தானையை இழுத்து மார்புக்கு மேல் கொண்டுவந்து, நுனியைக் கழுத்தடியில் பிடித்துக்கொண்டு, தோளை உள்பக்கமாகச் சுருக்கிக் குனிந்தாள். அது லில்லி புஷ்பம் அக்காவின் கை செய்கிற வேலை இல்லை. அவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. பதின்மூன்று வயதிலிருந்து ஒரு நாளைக்கு நூறு தடவை செய்து செய்து, தூக்கத்தில்கூடச் செய்கிற ஜெபக்கனியின் கை அது. அதை அப்படியே தூக்கி இந்த அக்காவின் உடம்பில் வைத்தது நான்.

"அக்கா, அது நான்" என்று எழுந்தாள். நீலச்சேலையைப் பார்த்துத்தான் மிச்சத்தைச் சொன்னாள், கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "மார்பக் குறைக்கிற ஆபரேஷன் பத்திக் கேக்க வந்தது நான்தான். பேரத்தான் மாத்திக் குடுத்திட்டேன். இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

எல்லோரும் திரும்பினார்கள். எங்கே பார்ப்பார்கள் என்று தெரியுமோ அங்கேயே பார்த்தார்கள். பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள், ஆனால் உட்காரவில்லை.

"என் பேரையா" என்றாள் அக்கா.

"வாயில வந்திட்டுக்கா."

அக்கா முந்தானையை விட்டாள். ஜெபக்கனியின் முகத்தைப் பார்த்தாள். கோபமா, வருத்தமா, ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு கையை நீட்டி, அணைத்துப் பிடித்திருந்த பையை வாங்கினாள். இந்த முறை ஜெபக்கனி விட்டுவிட்டாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டுப்போட்ட காலை நீட்டிவிட்டு, யாரிடமோ தையல் கணக்குப் பேசுவதுபோலச் சொன்னாள். "போயிட்டு வா. அங்கியப் பிரிச்சு ரெண்டு பக்கமும் புடிச்சுத் தச்சுரலாம். பழைய அளவு எங்கிட்ட இருக்கு, புது அளவ மட்டும் சொல்லு."

படியேறும்போதுதான் கேள்வித்தாள் பையோடு போய்விட்டது என்று ஞாபகம் வந்தது. திரும்பவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் ஏறுவது என்னவோபோல் இருந்தது, கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. இரண்டு தடவை முந்தானைக்குப் போன கையைப் பாதியில் இறக்கிக்கொண்டாள். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டாள். கீழே இருக்கிறவர்கள் இப்போது என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள், நாளைக்கு ஆராதனையில் அக்காவுக்குப் பக்கத்தில் எப்படி நிற்பது என்று நினைத்தாள். மூன்றாவது மாடிக் கவுண்டரில் ஒரு பெண் நிமிர்ந்து, "லில்லி புஷ்பம்தானே?" என்றாள். "ஜெபக்கனி" என்றாள். பழைய பெயரை அடித்துவிட்டு எழுதச் சொன்னாள், அந்தப் பெண் எழுதி முடிக்கிறவரை நின்று பார்த்தாள். உள்ளே போனதும் எதை முதலில் கேட்பது என்று யோசித்தாள். தாளில் இருந்த பதினொன்றும் மனப்பாடமாக இருந்தது. தாளில் எழுதாத அந்தப் பன்னிரண்டாவதை முதலில் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.